பக்கத்து சீட்டுப் பிரேக்

ஜூன் 4

அக்கா,

நேற்று நீ போனை வைத்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே டொக் என்று வைத்தால் எதிர்ப்பக்கம் இருப்பவன் என்ன, சுவரா?

சரி, சண்டைக்கு எழுதவில்லை. நாம் போனில் பேசினால் இந்த விஷயம் உருப்படாது. அம்மாவுக்குக் கேட்டுவிடும் என்று நீ சமையலறையில் நின்று கிசுகிசுக்கிறாய், எனக்குப் பாதி விழவில்லை, நான் கத்துகிறேன், நீ வைத்துவிடுகிறாய். அதனால்தான் உன் பல் செட் லேப் முகவரிக்கு எழுதுகிறேன். வீட்டுக்கு எழுதினால் உறையைப் பார்த்ததுமே அம்மா, "என்னவாம் கணக்குப்பிள்ளைக்கு?" என்று பிரித்துவிடுவாள்.

கண் டாக்டர் சொன்னதை என்னிடம் சொன்னதே நீதான். அம்மாவுக்கு நேர் எதிரே இருப்பது மங்கிக்கொண்டே போகிறது, ஓரத்தில் இருப்பது மட்டும் தெளிவாகத் தெரிகிறது, கண்ணாடி மாற்றியும் பயனில்லை. சொன்னாயா இல்லையா? அப்புறம் அந்தக் கார்ச் சாவி இன்னும் ஏன் அம்மாவின் கைப்பையில் இருக்கிறது? எதிர்வீட்டு அங்கிள் எனக்கு ஒரு படம் அனுப்பியிருக்கிறார். பூங்காவின் இரும்பு கேட், அதில் செருகிக்கொண்டு நம் காரின் மூக்கு. இதை நீ சொல்லியிருக்க வேண்டும். அவர் சொல்லி நான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

நான் கோபப்படாமல் உட்கார்ந்து யோசித்தேன். அம்மா ஓட்டுவதில் உள்ள நன்மை ஒரு பக்கம், ஆபத்து ஒரு பக்கம் என்று எழுதி ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டேன். அம்மாவின் மனவருத்தத்துக்கு முழு மதிப்பெண் கொடுத்தும் பார்த்துவிட்டேன். எப்படிப் போட்டாலும் ஒரே விடைதான் வருகிறது, அம்மா இனிமேல் ஓட்டக் கூடாது. இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்துக் கோரிக்கைகளைப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. "இத்தனை வருஷமா ஓட்டுறாங்க சார், ஒண்ணும் ஆனதில்ல" என்கிற வரி இல்லாத ஃபைலை நான் பார்த்ததே இல்லை.

சாவியை வாங்கி வைத்துவிடு. இந்த வாரமே.

தம்பி

---

ஜூன் 15

அன்புள்ள கணக்குப்பிள்ளைக்கு,

சாவியை வாங்கி வைத்துவிடு என்று எழுத உனக்கு ஒரு வரி போதும். நீ ஒரு முறை வந்து அந்தக் கைப்பையைத் தொட்டுப் பார். அப்புறம் உன் பல் செட்டை நானே செய்து தருகிறேன், குடும்பத்துக்கு இலவசம்.

உன் மதிப்பெண் பட்டியலில் இதெல்லாம் இருந்ததா என்று சொல். காலையில் அம்மா எழுந்ததும் முதலில் போய்ப் பார்ப்பது அந்தக் காரைத்தான். துணி எடுத்துக் கண்ணாடியைத் துடைக்கிறாள். மங்கலாகத் தெரிவதால் இன்னும் அழுத்தித் துடைக்கிறாள், பாவம், அழுக்கு கண்ணாடியில்தான் இருக்கிறது என்று. அப்பா போன பிறகு அந்த ஒரு காரை வைத்து டிரைவிங் ஸ்கூல் நடத்தித்தான் நமக்குச் சோறு போட்டாள். ஸ்கூலை மூடியாயிற்று. ஆனாலும் தெருவில் போகிறவர்கள் இன்னும் "டீச்சர்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். வண்டி ஓட்டாதவள் என்ன டீச்சர் என்று நாளைக்குக் கேட்டால் அவள் என்ன சொல்லுவாள்? அதற்கு எத்தனை மதிப்பெண் போட்டாய்?

பூங்கா கேட் அன்றைக்கு எனக்குக் காய்ச்சல். நான் படுத்துவிட்டேன், அவள் தனியாக எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அது ஒரு நாள்தான். மற்ற நாட்களில் அவள் தனியாக ஓட்டுவதே இல்லை. இதை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன், ஆனால் நீ என்னைப் பொறுப்பில்லாதவள் என்று நினைப்பது பொறுக்கவில்லை. அது பழைய பயிற்சிக் கார் என்பது உனக்கு மறந்துவிட்டதா? சொல்லிக்கொடுப்பவர் உட்காரும் சீட்டிலும் ஒரு பிரேக் இருக்கிறதே. கண் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த நாள் முதல், அந்தப் பிரேக்கில் கால் வைத்துக்கொண்டுதான் நான் அம்மாவோடு லேபுக்குப் போய் வருகிறேன். அவள் பார்க்காததை நான் பார்க்கிறேன். வேண்டும்போது மெதுவாக அழுத்துகிறேன். கார் நிற்கிறது. தான்தான் நிறுத்தினோம் என்று அவள் நினைத்துக்கொள்கிறாள். அவள் மனசும் நோகவில்லை, யாருக்கும் அடியும் படவில்லை.

மூளையை வைத்துத்தான் இதைக் கண்டுபிடித்தேன். உனக்கு மட்டும்தான் மூளை இருக்கிறது என்று நினைக்காதே.

அக்கா

---

ஜூன் 24

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஆபீஸ் மாடிப்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். கூட வேலை செய்கிறவர் வந்து உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

ஸ்டீயரிங் ஒருத்தியிடம், கண் இன்னொருத்தியிடம், பிரேக் இரண்டு பேரிடமும். இதற்குப் பெயர் யோசனையா? உனக்குத் தும்மல் வந்தால்? போன் அடித்தால்? லேபில் டெக்னீஷியன் பல் செட்டுக்குப் போட்ட மெழுகு சரியாக இறுகியிருக்குமா என்று ஒரு நொடி உன் மனசு லேபுக்குப் போய்விட்டால்? பிரேக் போட்டால் கார் நிற்கும், சரி. திருப்ப வேண்டிய இடத்தில் அம்மா திருப்பாவிட்டால் என்ன பண்ணுவாய், ஜன்னல் வழியாகக் கையைக் காட்டுவாயா?

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள். நீ இதற்குப் பாசம் என்று பெயர் வைத்திருக்கிறாய். பாசம் இல்லை. வீட்டில் ஒரு நாள் சண்டை வரும், அம்மா சாப்பிடாமல் படுப்பாள், முகம் கொடுத்துப் பேச மாட்டாள், அதைத் தாங்க உனக்குத் தைரியம் இல்லை. அந்த ஒரு நாளைத் தள்ளிப்போடுவதற்காகத் தினமும் ஊரில் உள்ளவர்களைப் பணயம் வைக்கிறாய். அம்மாவையும் ஏமாற்றுகிறாய்.

பேசிப் பிரயோசனம் இல்லை என்று தெரிந்துவிட்டது. நான் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன். எதுவாக இருந்தாலும் நன்மைக்குத்தான் என்று எடுத்துக்கொள்.

தம்பி

---

ஜூலை 6

தம்பி,

செய்துவிட்டாய். நன்றாகச் செய்தாய். நாசமாய்ப் போ என்று எழுதிவிட்டு அடித்திருக்கிறேன், பார்த்துக்கொள், அடித்ததை அழிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அம்மாவுக்கு லைசென்ஸ் ஆபீஸிலிருந்து போன். பேசியது யார் தெரியுமா? மேடு. நினைவிருக்கிறதா, அம்மாவிடம் ஓட்டக் கற்க வந்து, மேட்டில் ஏறும்போதெல்லாம் வண்டியை அணைத்துவிட்டு அழுதானே, அம்மா அவனுக்கு அந்தப் பெயரே வைத்தாளே, அவன்தான். இப்போது அங்கே இன்ஸ்பெக்டர். "டீச்சர், உங்களப் பத்தி ஒரு புகார் வந்திருக்கு. பேர் போடாம யாரோ எழுதியிருக்காங்க. கண்ணு சரியில்லன்னு, பக்கத்துல இருக்கிறவங்க பிரேக்ல ஓட்டுறீங்கன்னு" என்று அப்படியே படித்துக் காட்டியிருக்கிறான். நான் உனக்கு அந்தரங்கமாக எழுதியதை எடுத்து அரசாங்கத்துக்கு அனுப்பியிருக்கிறாய். பிரேக் விஷயம் தெரிந்தது இந்த உலகத்தில் எனக்கும் உனக்கும் மட்டும்தான். நீ அங்கே இருக்கிறாய். இங்கே இருப்பது யார்? நான்.

அன்றைக்கு ஆரம்பித்தது. அம்மா என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். தட்டைத் தானே கழுவிக்கொள்கிறாள். நான் டீ போட்டு வைத்தால் அது ஆடை கட்டிக் கிடக்கிறது. காரை எடுக்கவில்லை, எங்கே போனாலும் நடக்கிறாள், நான் கூட வந்தால் வேகமாக நடக்கிறாள். அந்த ஒரு நாளைத் தாங்க எனக்குத் தைரியம் இல்லை என்றாயே, இப்போது எத்தனை நாள் தாங்குகிறேன் என்று வந்து எண்ணிப் பார்.

உன் புத்திசாலித்தனத்தின் மீதியையும் கேள். கண் டாக்டரின் சீட்டெல்லாம் கேட்பதில்லையாம், வண்டியை ஓட்டிக் காட்டினால் போதுமாம். பக்கத்தில் பிரேக் இல்லாத சாதாரணக் காரில், மாதக் கடைசியில். டெஸ்ட் எடுக்கப் போவது மேடுதான். "உங்களுக்கு டெஸ்ட்டா டீச்சர்? சும்மா வந்து ஒரு ரவுண்டு போங்க, நான் கையெழுத்துப் போட்டுடறேன்" என்கிறான். புரிகிறதா? உன் புகாரால் அம்மாவுக்குப் புது லைசென்ஸ் கிடைக்கப்போகிறது. இதை எந்தப் பக்கத்தில் எழுதி எத்தனை மதிப்பெண் போடுவாய்?

புகார் எழுதியது நீ என்று நான் அம்மாவிடம் சொல்லவில்லை. இதையும் பாசம் இல்லை, பயம் என்று சொல்வாயோ என்னவோ.

அக்கா

---

ஜூலை 13

அக்கா,

சொல்லிவிடு. நான்தான் எழுதினேன் என்று அம்மாவிடம் சொல்லிவிடு. நீ அந்தப் பழியைச் சுமக்க வேண்டாம்.

மேடு விஷயம் நான் எதிர்பார்க்காதது. ஒரு இன்ஸ்பெக்டர் அவன் வேலையைச் செய்வான் என்று நம்பியது என் தப்பா? யாருமே இந்த உலகத்தில் அவரவர் வேலையைச் செய்வதில்லை. எல்லாருக்கும் மனசு வந்துவிடுகிறது.

உன்னிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பிரேக் விஷயத்தை எழுதிய உன் கடிதம் வந்த அன்றே ஒரு ஃபைலும் என் மேஜைக்கு வந்தது. நம் கார் நிறத்திலேயே ஒரு கார். ஓட்டியது வயதான அம்மா. அவர் பிழைத்துக்கொண்டார், எதிரே வந்தவர் பிழைக்கவில்லை. நான் படங்களைப் பார்த்து அளவுகளைக் குறித்துக்கொள்ள வேண்டும், அதுதான் வேலை, எத்தனையோ முறை செய்திருக்கிறேன். அன்றைக்குச் செய்ய முடியவில்லை. பேனாவை எடுத்தேன், கை பாட்டுக்கு அந்தப் புகாரை எழுதிக்கொண்டு போயிற்று. சதவீதம் எல்லாம் போட்டு, மிகவும் நிதானமான ஆள் எழுதியது போல எழுதினேன். இத்தனை தூரத்தில் உட்கார்ந்துகொண்டு நான் வேறு என்ன செய்ய முடியும், நீயே சொல். உனக்கு ஒரு பிரேக்காவது இருந்தது.

ஆனால் நான் சொன்னது தப்பு என்று மட்டும் நினைக்காதே. பயந்தவன் சொன்னாலும் சரியானது சரிதான்.

டெஸ்ட்டுக்கு அம்மாவோடு போ. பின்சீட்டில் உட்கார். வாயைத் திறக்காதே, எதையும் காட்டிக் கொடுக்காதே. அவள் தானாக ஓட்டட்டும்.

தம்பி

---

ஜூலை 30

தம்பி,

நேற்று டெஸ்ட். உடனே எழுத முடியவில்லை. இன்று லேபில் ஒருவருடைய மேல் செட்டில் முன்பல்லைத் தலைகீழாக வைத்துவிட்டேன்.

நீ சொன்னபடி பின்சீட்டில் உட்கார்ந்தேன். மேடு முன்னால், அம்மாவுக்குப் பக்கத்தில். அவன் மீசை நரைத்துவிட்டது, ஆனாலும் அம்மாவைப் பார்த்ததும் பழைய பையன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அம்மா சீட்டை இழுத்தாள், கண்ணாடியைத் திருத்தினாள், பெல்ட்டைப் போட்டாள். அழகாக எடுத்தாள். மார்க்கெட் ரோடு, பஸ் டிப்போ, எல்லாம் சரியாகவே போயிற்று. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, நாமிருவரும் சேர்ந்து இல்லாத ஒன்றை ஊதிப் பெரிதாக்கினோமோ என்று.

கோர்ட்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பெயின்டர் குறுக்கே போனார். தோளில் நீளமான ஏணி, கையில் பெயின்ட் வாளி. நல்ல வெளிச்சம். நேர் எதிரே. அம்மா வேகத்தைக் குறைக்கவில்லை. என் கால் பின்சீட்டுத் தரையில் போய் ஓங்கி மிதித்தது. அங்கே என்ன இருக்கிறது, பாய்தான். கடைசியில் அம்மா பிரேக்கைப் போட்டாள். கார் வாளியில் இடித்து நின்றது. ரோடு முழுக்க வெள்ளைப் பெயின்ட். அந்த ஆள் ஏணியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அடி இல்லை. ஆனால் எழுந்து அம்மாவைத் திட்டிய திட்டு இருக்கிறதே, நமக்கெல்லாம் அவ்வளவு பெரிய வாய் கிடையாது.

மேடு சிரிக்கிறான், தம்பி. "பரவால்ல டீச்சர், அவன்தான் பாத்து வரணும். அந்தப் பக்கம் திருப்பிக்கோங்க, போலாம்" என்கிறான்.

அம்மா இன்ஜினை அணைத்தாள். அவன் பக்கம் திரும்பி, "நீ ரோட்டப் பாத்தியா? வண்டி எடுத்ததுலருந்து என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு வர்ற. பக்கத்துல உக்காந்திருக்கிறவன் பாக்க வேண்டியது ரோட்ட. உன்ன நான் அன்னைக்கே இன்னொரு மாசம் இழுத்திருக்கணும்" என்றாள்.

அவனுக்கு முகம் செத்துவிட்டது.

"ஏணியோட ரெண்டு முனையும் எனக்கு நல்லாத் தெரிஞ்சுது. நடுவுல ஆளத்தான் காணோம். எழுது. ஃபெயில்."

"டீச்சர்..."

"எழுதுறியா, இல்ல நான் உங்க மேலதிகாரியப் போய்ப் பாக்கவா?"

எழுதினான். கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுதினான்.

வீட்டுக்கு நடந்து வந்தோம். நானாகத்தான் பேச்சை ஆரம்பித்தேன். அம்மா, அந்தப் புகாரை நான் எழுதவில்லை என்றேன். "தெரியும். அதுல சதவீதம் போட்டிருந்துச்சு. உனக்கு சதவீதம் எங்க தெரியும்?" என்றாள். போன் வந்த அன்றே தெரிந்துவிட்டதாம், நீதான் என்று. அப்புறம் ஏன் இத்தனை நாள் என்னிடம் பேசவில்லை என்று எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நடுரோட்டில் நின்று கத்திவிட்டேன். நீ செய்ததற்கு நான் ஏன் அனுபவிக்க வேண்டும்?

அம்மா நின்றாள். "ரெண்டு பெடலும் ஒரே கம்பியில இருக்குடி. நீ அங்க அழுத்துனா இங்க என் கால் தானா இறங்கும். இத்தன வருஷம் அந்தப் பெடல்ல கால் வச்சவளுக்கு அது தெரியாதா? ஏதோ பத்துல ஒண்ணு நீ போடுறன்னு நெனச்சேன். மிச்சம் நான்தான் போடுறேன்னு நெனச்சேன். புகாரக் கேட்டப்ப சந்தேகம் வந்துச்சு, இன்னைக்குத்தான் தெரிஞ்சுது, அத்தனையும் நீதான்னு. அவன் தூரத்துல இருக்கான், எழுதினான். நீ பக்கத்துலயே உக்காந்திருந்த. ஒரு வார்த்த சொல்லலியே. யாரையாவது கொன்னிருந்தா?"

அவள் மனசு நோகக் கூடாது என்று எத்தனை கவனமாக, எத்தனை மெதுவாக அழுத்தினேன் தெரியுமா? அந்த மெதுவில்தான் அவள் தன் கண் எவ்வளவு போய்விட்டது என்று தெரியாமலே இருந்திருக்கிறாள். அழுகையாக வந்தது, கோபமாகவும் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. உன் மேலேயே வைத்துக்கொள்கிறேன், வசதியாக இருக்கிறது.

சாவி இப்போது என்னிடம் இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் அவளே எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டாள்.

அக்கா

---

ஆகஸ்ட் 9

அக்கா,

அம்மாவுக்குப் போன் பண்ணினேன். மன்னிப்புக் கேட்கத்தான் பண்ணினேன். ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்றாள், ஆபீஸ் எப்படி என்றாள். நான் விடாமல் புகாரைப் பற்றி ஆரம்பித்தேன். "ரொம்ப நல்லா எழுதியிருந்தப்பா. மேடு படிக்கப் படிக்க, யாரோ ஒரு கிழவியப் பத்தின்னுதான் கேட்டுக்கிட்டு இருந்தேன்" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள்.

நான் நினைத்தது நடந்துவிட்டது. ஆனால் ஜெயித்த மாதிரி துளிகூட இல்லை. எரிச்சலாக இருக்கிறது.

இருந்தாலும் ஒரு விஷயம், தயவுசெய்து சிரிக்காதே. இனி நீ ஓட்டுவாய், அம்மா பக்கத்து சீட்டில் உட்காருவாள். அந்தப் பக்கம் ஒரு பிரேக் இருக்கிறது. கண் தெரியாதவளின் காலுக்கடியில் ஒரு வேலை செய்கிற பிரேக்! நீ வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது எதையோ நினைத்து அவள் மிதித்துவிட்டால் பின்னால் வருகிறவன் உங்கள் மேல் ஏறிவிடுவான். அந்தப் பெடலை உடனே கழற்றச் சொல். அம்மாவுக்கு வருத்தமாக இருக்கும், எனக்குத் தெரியும். இந்த முறை மதிப்பெண் எதுவும் போடவில்லை. எப்படிச் சொல்வது என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை. உனக்காவது தெரிகிறதா?

தம்பி

---

ஆகஸ்ட் 21

தம்பி,

எப்படிச் சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை. அதே யோசனையில்தான் நானும் காரை எடுக்காமல் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். பெடலைக் கழற்றினால் அவள் மனசு உடையும், கழற்றாவிட்டால் நம் மண்டை உடையும். உன் கடிதம் வந்ததும் சரி, ஒர்க்ஷாப்பில் கேட்டாவது வைப்போம் என்று போனேன்.

ஒர்க்ஷாப்காரர் என்னைப் பார்த்ததும், "டீச்சரம்மா போன வாரமே கூப்பிட்டு வேலைய முடிச்சிட்டாங்களே" என்றார். நான் லேபில் இருந்தபோது, அவரையே வீட்டுக்கு வரச் சொல்லி, நான் வீட்டில் விட்டுப்போன சாவியைக் கொடுத்து வண்டியை எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறாள். "எனக்குக் கண்ணு சரியில்ல, ஆனா கால் சும்மா இருக்காது. கம்பிய எடுத்துடு" என்றாளாம். அவர் பெடலையும் சேர்த்து எடுத்துவிட்டு ஓட்டையை அடைத்துவிடட்டுமா என்று கேட்டிருக்கிறார். "பெடல் இருக்கட்டும். மிதிக்க எனக்கு ஏதாவது வேணும்ல" என்றாளாம். நீயும் நானும் இத்தனை தாளைக் கிழித்ததற்கு, அவள் ஒரு சாயங்காலத்தில் இரண்டையும் முடித்துவிட்டிருக்கிறாள். நம்மிடம் ஒரு வார்த்தை கேட்டாளா? இல்லை. நாம் கேட்டோமா என்ன.

இன்று காலை முதல் தடவையாக அவளை ஏற்றிக்கொண்டு லேபுக்குப் போனேன். தன் பழைய சீட்டில், சொல்லிக்கொடுக்கிற சீட்டில், நேராக உட்கார்ந்துகொண்டாள். "இது இப்ப சும்மாதான்" என்று பெடலைக் காட்டினாள். எனக்கு ஏற்கெனவே தெரியும் என்று சொல்லவில்லை.

கேள், மார்க்கெட் ரோட்டில் அவள் கால் சட்டென்று இறங்கியது. பார்த்தால், பக்கத்துச் சந்திலிருந்து ஒரு சைக்கிள். நான் பார்த்திருக்கவே இல்லை. அவளுக்கு ஓரம் தெளிவாகத் தெரியும் என்று டாக்டர் சொன்னதைச் சாவியைப் பிடுங்குவதற்கு மட்டும்தானே நாம் வைத்துக்கொண்டோம். அதற்கப்புறம் ஒரு கண் ரோட்டிலும் ஒரு கண் அவள் காலிலுமாக ஓட்டினேன். இதை உன் கம்பெனியில் சொல்லிவிடாதே.

ஆனால் எல்லாம் அப்படி இல்லை. டிப்போ தாண்டி ரோடு காலியாகக் கிடந்தது. எதிரே ஒரு காக்காய்கூட இல்லை. அவள் முழுக்க மிதித்தாள், முட்டி நீளும் அளவுக்கு. என்ன தெரிந்ததோ. ஏணியாக இருக்கலாம். அந்தப் பெடல் எதோடும் சேரவில்லை என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். நான் பாட்டுக்குப் போயிருக்கலாம். கண்ணாடியில் பார்த்தேன், பின்னால் வந்த வண்டி தூரத்தில் இருந்தது. என்ன செய்வது, என் பிரேக்கைப் போட்டுத் தொலைத்தேன்.

நடுரோட்டில் கார் நின்றது. பின்னால் வந்தவன் ஹாரனை அமுக்கிக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனான். அம்மா முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். காலைப் பெடலிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

"லேட்டு" என்றாள்.

அக்கா